வாத்தியார் வீட்டுப் பற்று

கார் வாங்குவதற்காக நான் கேட்டிருந்த கடனை மறுத்து 2024 மார்ச்சில் வந்த கடிதம் ஒரே பக்கம்தான். தவணை தவறிய கணக்குகள் இருப்பதே காரணம் என்று அதில் எழுதியிருந்தது. டெக்சஸ் மாநிலத்து இர்விங் நகருக்கு நான் வந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை எனக்கிருந்த கடன் கணக்கு என்பது, 500 டாலரை வங்கியில் ஈடாகக் கட்டி வாங்கிய ஒரு கிரெடிட் கார்டு மட்டுமே. அதிலும் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. கடன் தர விருப்பமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் மனம் அவ்வளவு சுட்டிருக்காது. வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பாதவன் என்ற பொருளில் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்துவிட்டதை அன்று ஊருக்குப் பேசும்போது நான் சொல்லவில்லை.

ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையின் அடிப்படையில் கடனை மறுப்பவர்கள், அந்த அறிக்கையைத் தந்த நிறுவனம் எது என்று தெரிவிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் அந்த நிறுவனம் அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இவை இந்த நாட்டுச் சட்டம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் தனித்தனியே ஒவ்வொருவருக்கும் ஏடு வைத்திருக்கின்றன. கடன் கொடுப்பவர்கள் மூன்றுக்கும் தகவல் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், ஓர் ஏட்டில் இருப்பது மற்றொன்றில் இல்லாமல் போகலாம். ஆகவே மூன்றையும் பார்த்துவிடுவது என்று ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட்.காம் என்ற தளத்துக்குப் போனேன். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரப்பட்ட அறிக்கைகள், 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை என்றாகி, பிறகு அப்படியே நிலைத்துவிட்டன. கடன் தகுதியைக் காட்டும் மதிப்பெண் அதில் இராது, கணக்குகள் மட்டுமே இருக்கும். எனக்கு வேண்டியதும் கணக்குதான்.

இரண்டு அறிக்கைகள் உடனே திறந்தன, இரண்டிலும் குறையில்லை. மூன்றாவது, நான்தான் என்று உறுதி செய்துகொள்ள ஒரு கேள்வி கேட்டது: 2016-இல் எடுத்த கார் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு? 2016-இல் நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கடன் இல்லை என்று பதில் கொடுத்ததும் கதவு அடைத்துக்கொண்டது. அச்சிட்ட படிவத்தை நிரப்பி அட்லாண்டாவில் உள்ள அஞ்சல் பெட்டி முகவரிக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அறிக்கை தபாலில் வந்தது.

நம் பெயர்களுக்குக் கடல் கடந்தால் நேர்வதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் என் பெயரையும் சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு, குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். விசாவில் இரண்டு பெயரும் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று வந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஒருமுறை மருத்துவமனையில் செவிலியர் அந்த மூன்றெழுத்தையும் சேர்த்து 'ஃப்னூ' என்று அழைக்க, காத்திருந்த நம்மவர் மூவர் ஒன்றாக எழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அன்று அது சிரிப்பாக இருந்தது. இந்த அறிக்கையிலோ என் பெயர் நான்கு விதமாக இருந்தது. அவற்றில் ஒன்றின் வழியாக, அப்பா பெயரை முதற்பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் கொண்ட, ஒஹாயோவில் வாழும் இன்னொருவரின் முகவரியும், கார் கடனும், முப்பது நாள் தாமதமான இரண்டு தவணைகளும் என் ஏட்டில் வந்து சேர்ந்திருந்தன.

அந்தத் தாள்களை மேசையில் பரப்பியபோது எனக்கு அம்பாசமுத்திரத்து மளிகைக் கடைதான் கண்ணில் வந்தது. அண்ணாச்சியின் நீள நோட்டில் எங்கள் பக்கத்தின் தலைப்பு 'வாத்தியார் வீடு'. என் பெயரோ, அம்மா பெயரோ அதில் கிடையாது. யார் போய் எதை வாங்கினாலும் அந்தத் தலைப்பின் கீழ்தான் பற்று ஏறும். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் அப்பா கடை பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் வரிவரியாகக் கூட்டிச் சரிபார்த்த பிறகே பணம் கொடுப்பார். ஒருமுறை நாங்கள் வாங்காத ஒரு கிலோ மல்லி எங்கள் பக்கத்தில் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, அது டாக்டர் வீட்டுக்குப் போனது என்று நினைவு கூர்ந்து, எங்கள் பக்கத்தில் அடித்துக் கையெழுத்து வைத்து, டாக்டர் வீட்டுப் பக்கத்தைப் புரட்டி அங்கே எழுதினார். என் கையில் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார். எல்லாம் முடிய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இங்கே தவறான வரிகளை வட்டமிட்டு, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, நான் 2022-க்கு முன் இந்நாட்டில் கால் வைத்ததே இல்லை என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வரும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். விசாரித்து முடிக்கச் சட்டம் அவர்களுக்கு 30 நாள் தருகிறது. இலவச ஆண்டு அறிக்கையைப் பார்த்து எழுதிய முறையீடு என்றால் 45 நாள் வரை ஆகலாம். அத்தனை நாளும், பேருந்து அரிதான இந்த ஊரில் நண்பர் ஒருவரின் காரில்தான் வேலைக்குப் போய் வந்தேன். 41-ஆம் நாள் பதில் வந்தது: கணக்கு நீக்கப்பட்டது, ஒஹாயோ முகவரி நீக்கப்பட்டது. திருத்திய அறிக்கையும் உடன் இருந்தது. இனி இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று அன்று மாலை நினைத்துக்கொண்டே, அதன் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் தொட்டுச் சரிபார்த்தேன்.

பிறகு அப்பாவை அழைத்து, இரண்டு மாதமாக மறைத்து வைத்ததை முழுவதும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அதை அந்தத் தம்பி பக்கத்துல எழுதிட்டாங்களாப்பா?"

இன்னொருவர் ஏட்டைப் பார்க்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவருக்கு எந்த ஊராக இருக்கும் என்று கேட்டார்.