தூத்துக்குடியைக் காதுக்குக் கொண்டுவர: எங்கள் பாட்காஸ்ட் இதுவரை

நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து எங்கள் பகுதியைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் செய்து வருகிறோம். ஊர் அரசியல், கோயில் கொடை விழாக்களில் ஆட்டத்துக்கு வாசிக்கும் இசை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வரலாறு. இந்த மூன்றும்தான் பொருள். மூன்றையும் ஏன் ஒரே நிகழ்ச்சியில் போடுகிறீர்கள், தனித்தனியாகப் பிரித்தால் கேட்கிறவர்களுக்கு வசதியாக இருக்குமே என்று பலர் கேட்டார்கள். பிரிக்கக் கூடாது என்பதில் இப்போது நாங்கள் உறுதியாக இருக்கிறோம். அதற்கான காரணம் செய்து பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது.

முதலில் அறை விஷயம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். இப்படிப்பட்ட அறையில் எவ்வளவு நல்ல மைக் வைத்தாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் பதிவாகும். சுவரில் ஒட்டும் மெல்லிய நுரை அட்டைகள் கீச்சென்ற ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சுமே தவிர, கனத்த எதிரொலியை ஒன்றும் செய்யாது. பலன் தந்தது பஞ்சு மெத்தையும், துணி நிறைந்த பீரோவும்தான். அதிலும் வைக்கும் இடம் முக்கியம். பேசுகிறவருக்கு எதிரே உள்ள மைக், அவர் குரலோடு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் ஒலியையும் சேர்த்தே வாங்கும். அதனால் மெத்தை அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். இதைச் செய்தவுடனேயே வித்தியாசம் காதில் தெரிந்தது. மைக் விஷயத்தில், தூரத்துச் சத்தத்தையும் பிடித்துவிடும் கண்டென்சரை விட, பக்கத்துக் குரலை மட்டும் நன்றாக வாங்கும் டைனமிக் வகை எங்கள் தெருவுக்கு ஒத்துவருகிறது. நாலு விரல்கடை தள்ளி வைத்துப் பேசினால் வெளியே போகிற ஆட்டோவை அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். தூத்துக்குடி வெயிலில் அது சாதாரண விஷயம் இல்லை என்பதால் விடிவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுகிறோம்.

வரலாற்றுப் பகுதிகளை வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலில் இருந்து தொடங்கினோம். இந்த ஊரில் வேறெதிலிருந்து தொடங்குவது? ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றவர்களின் ஆய்வுகள் இருப்பதால் தகவலுக்குப் பஞ்சமில்லை. அதைக் காதுக்கு ஏற்றபடி சொல்வதுதான் வேலை. நான் முதலில் எழுதியது இப்படி இருந்தது: '1906 அக்டோபரில் 10 லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் கொண்ட சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது.' தாளில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. பதிவு செய்து கேட்டபோது நாலு எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றுமே மனதில் நிற்கவில்லை. தம்பி சொன்னான்: "வருஷத்தையும் தொகையையும் அடுக்காதண்ணே. கொழும்புக்குக் கப்பல் ஏறப் போனவன் டிக்கெட் வாங்குற இடத்துல என்ன பார்த்தான்னு சொல்லு."

அப்படியே மாற்றினோம். பழைய துறைமுகப் பக்கம் வந்து நிற்கும் ஒரு பயணி. கொழும்புக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்குகிறது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்கிறது. அப்புறம் வெள்ளைக்காரக் கம்பெனி காசே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள் என்றதாகவும், ஏறினவர்களுக்குக் குடை கொடுத்ததாகவும் சொல்வார்கள். இந்தக் கடைசி வரியை அப்படியே 'சொல்வார்கள்' என்றே பேசினேன். ஊரில் வழங்கும் பேச்சு எது, ஆவணத்தில் இருப்பது எது என்று கேட்கிறவருக்குக் குரலிலேயே தெரிய வேண்டும் என்பது எனக்கு ரொம்ப முக்கியம். ஒலி வடிவத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. 'பதிவாகியிருக்கிறது', 'சொல்வார்கள்', 'எனக்குத் தோன்றுகிறது' என்ற மூன்றையும் கலக்காமல் பயன்படுத்துவதுதான் அடிக்குறிப்பு. காலியா, லாவோ என்ற சுதேசிக் கம்பெனியின் இரண்டு கப்பல்களின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, இரண்டு முறை சொன்னோம்.

இந்த முறையில் நன்றாக வந்தது 1908 பகுதி. பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் நூற்பு மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்துகிறார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நிற்கிறார்கள். மார்ச் முதல் வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கிவருகிறது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைக்கின்றன. மார்ச் 12 அன்று தலைவர்களைக் கைது செய்கிறார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளிக்கிறது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் சாகிறார்கள். இதை நாங்கள் மில் வாசலிலிருந்தே சொன்னோம். ஒரே இடத்தில் நின்று, நாள் மாற மாற அந்த வாசலில் கூட்டம் எப்படி மாறுகிறது என்று மட்டும். ஜூலையில் வ.உ.சி.க்கு வந்த தீர்ப்பை மெதுவாக வாசித்தேன்: பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்குத் துணைநின்றதற்கு 20 ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி இல்லாமல் போயிருந்தது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு பின்னணி இசை எதுவும் வைக்கவில்லை. வைத்துக் கேட்டோம், பொருந்தவில்லை, எடுத்துவிட்டோம்.

இனி இசை. எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

கணியான் கூத்து எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைகளில் நடப்பது. குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, பெண் வேடமிட்ட இரண்டு ஆண்கள் சலங்கை கட்டி ஆட, இரண்டு மகுடங்கள் முழங்கும். மகுடம் என்பது வட்டச் சட்டத்தில் தோல் கட்டி, கையால் அடிக்கிற கருவி. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போவதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஆனால் கொடை நடக்கிற இடத்தில் பதிவு செய்தால் கிடைப்பது குழாய் ஒலிபெருக்கியின் இரைச்சல்தான். உச்சம் மட்டும் கிழிந்து கேட்கும், மந்தம் எங்கோ போய்விடும். அதனால் ஒரு அண்ணாவியிடம் பேசி, கொடை இல்லாத ஒரு நாளில், ஒலிபெருக்கி இல்லாமல், அவர் வீட்டு முற்றத்திலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். குழுவுக்கு உரிய சம்பளம் பேசி, ஒலிபரப்ப எழுத்தில் ஒப்புதலும் வாங்கினோம். நாட்டுப்புறக் கலைஞர்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது. நம் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கும் 50 ஆண்டு உரிமை தருகிறது.

முற்றத்தில் போய் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஓலையைக் கொளுத்தி மகுடத்துக்குச் சூடு காட்டியது. நான் பதிவுக்கருவியின் ஒலி அளவைச் சரிபார்க்க ஒரு அடி அடிக்கச் சொன்னேன். "இருங்க தம்பி, தோலு இன்னும் தூங்குது. சூடு ஏறினாத்தான் பேசும்" என்றார். சூடு ஏறிய பிறகு அடித்த அடியில் பதிவுக்கருவியின் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பதிவுக்கருவியில் பூஜ்யம்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் ஒலி உடைந்துவிடும். பேச்சுக்கு உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். மகுடத்துக்கு அதற்கும் கீழே, மைனஸ் 20 பக்கம் இறக்கி வைத்தால்தான் திடீர் அடி வந்தாலும் உடையாது. மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பதியும் 24 பிட்டில் பதிவு செய்வதால் பிறகு ஏற்றிக்கொண்டாலும் பதிவுக்கருவியால் இரைச்சல் அவ்வளவாகச் சேராது. பதிவுக்கருவியை ஆட்டக்காரர்களிடமிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இடுப்பு உயரத்தில் வைத்தோம். தலை உயரத்தில் வைத்தால் சலங்கை மெலிந்துபோகிறது. கடற்காற்றுக்கு மைக்கோடு வரும் நுரைத் தொப்பி போதாது. ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு கட்டாயம் வேண்டும்.

தொகுக்கும்போது இன்னொன்று தெரிந்தது. பேச்சுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவது எல்லோரும் செய்வது. மின்சார உறுமலும் மேசை அதிர்வும் குறைந்துவிடும். அதே அமைப்பை இங்கே போட்டால் மந்தத்தின் அடிவயிற்று ஒலி போய், டப்பாவைத் தட்டியது மாதிரி ஆகிவிடுகிறது. நாங்கள் தொகுக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியும் இசைக்கு ஆகாது. சலங்கை ஓய்கிற வாலை அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்கிறது. இசைப் பகுதிகளைத் தொடாமல் விடுகிறோம். அமைதியைத் தானாகச் சுருக்கும் வசதியையும் பெரியவர்களின் பேட்டியில் பயன்படுத்துவதில்லை. ஒரு பெயரை நினைவுபடுத்திக்கொள்ள அவர் எடுத்துக்கொண்ட நேரமும் பேட்டியைச் சேர்ந்ததுதான். நடுவில் மந்தத்தின் சுருதி இறங்கி, மறுபடி சூடு காட்டினார்கள். ஓலை எரியும் சத்தம், அண்ணாவி இருமுவது, அப்புறம் சுருதி ஏறிய முதல் அடி. இவை எல்லாம் பகுதியில் அப்படியே இருக்கின்றன. நிறையப் பேர் அதைத்தான் குறிப்பிட்டுச் சொன்னார்கள்.

அந்த முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணாவி முத்துப்பட்டன் கதையைப் பற்றிச் சொன்னார். வில்லுப்பாட்டில் அதைக் கேளுங்கள் என்றும் சொன்னார். பிராமணனான முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துச் சகோதரிகள் இருவரை மணந்து, மாமனார் வீட்டு மாடுகளைக் காக்கப் போய்க் கொல்லப்பட்ட கதை. காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்பு காணிக்கையாக வருகிறது. இதை எந்தத் தலைப்பில் போடுவது? பாட்டு, ஆகவே இசை. ஊர்க்கதை, ஆகவே வரலாறு. அதைக் கேட்டுவிட்டு நானும் தம்பியும் பேசியதெல்லாம் இன்றைய கலப்புத் திருமணங்களையும் ஆணவக் கொலைகளையும் பற்றித்தான், ஆகவே அரசியல். மூன்றையும் பிரிக்க வேண்டாம் என்பது அன்றைக்கு முடிவானது. எங்கள் பக்கத்தில் வரலாறு பாட்டாகத்தான் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டில் யார் கொன்றார், யார் செத்தார் என்று ஒளிக்காமல் சொல்லியும் இருக்கிறார்கள்.

அரசியல் பேச்சு அதுவரை சரியாக அமையவில்லை. சனிக்கிழமை பேசினால் புதன்கிழமைக்குள் செய்தி பழசாகிவிடும். தினசரித் தொலைக்காட்சி விவாதத்தோடு இரண்டு பேர் போட்டிபோட முடியாது, போட வேண்டியதும் இல்லை. ஊரில் வேர் உள்ள ஒரு விஷயத்தை எடுத்து, அது எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால் மாதம் கழித்துக் கேட்டாலும் கெடுவதில்லை. 2023 டிசம்பர் மழையை அப்படி எடுத்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். யார் மேல் தப்பு என்று கத்துவதற்குப் பதில், தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டிலிருந்து கோரம்பள்ளம் குளம் வரை தண்ணீர் போகும் வழியை ஒவ்வொன்றாகச் சொன்னோம். எந்த வழி எப்போது அடைபட்டது என்று கேட்கிறவரே கேள்வி எழுப்பத் தொடங்கிவிடுகிறார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய பகுதியும் இதே முறைதான். மழைக்காலத்தில் வேலை நின்றுபோகும் மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துத் தொடங்கி, பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் என்ன கூலிக்கு, எந்த வெயிலில் நிற்கிறார்கள் என்பதுவரை போனோம். பாத்தியில் பலகை இழுபடும் சத்தத்தைப் பேச்சுக்கு முன்னால் ஒரு நிமிடம் முழுசாக விட்டோம். அதை யாரும் தள்ளிவிட்டுக் கேட்டதாகச் சொல்லவில்லை.

வெளியிடும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலி அளவை மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சராசரி உரப்பை அளக்கும் அலகு) பக்கம் வைக்கிறோம். பாட்காஸ்டுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு அது. பேச்சு மட்டும் உள்ள பகுதிகள் மோனோ, 64 கே.பி.பி.எஸ். அரை மணி நேரத்துக்கு 14 எம்.பி. சொச்சம்தான் ஆகும், டேட்டா குறைவாக உள்ளவர்களும் இறக்கிக்கொள்ளலாம். இசை உள்ளவை ஸ்டீரியோ, 128. உச்சமும் மந்தமும் இடமும் வலமுமாக நிற்பதைக் கேட்காவிட்டால் கணியான் கூத்தைக் கேட்டு என்ன பயன்? முகப்புப் படம் 3000 பிக்சல் சதுரம். சினிமாப் பாட்டு ஒரு வரிகூடச் சேர்ப்பதில்லை. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை உண்டு.

அடுத்த பகுதி தூத்துக்குடி பனிமய மாதா கோயில். 1713ல் கட்டிய கோயில், ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. பரதவர் மதம் மாறிய 1530களிலிருந்து தொடங்கி, முத்துக்குளித்துறை, போர்த்துகீசியர், 1658ல் வந்த டச்சுக்காரர்கள், புன்னைக்காயலில் 1586ல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற பாதிரியார் அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் என்று விஷயம் கடல் அளவு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பகுதியில் திணிக்கப் போவதில்லை. கொடிமரத்தடியில் நின்று எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் முதலில். கூட்டத்தின் நடுவே பதிவு செய்ய வேண்டியிருப்பதால் சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்குகளை இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறோம். பருத்திச் சட்டையில் உரசல் குறைவு, பாலியெஸ்டரில் அதிகம். மைக்குக்குக் கீழே ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினால் உரசல் இன்னும் குறைகிறது. கோயிலில் அனுமதி கேட்டிருக்கிறோம். பழைய மாதா பாட்டுகள் தெரிந்த பெரியவர்கள் இருவர் வீட்டில் வைத்துப் பாடித்தரச் சம்மதித்திருக்கிறார்கள். கொடியேற்றத்துக்கு முந்தைய வாரமே அதைப் பதிவு செய்துவிடுவோம்.