சத்தம் போடும் வகுப்பும் பிடிபடாத பாடமும்

பி.எட். படிக்கும் எங்களைப் பார்த்தால் பலரும் முதலில் கேட்பது, "இந்தக் காலத்துப் பசங்களை எப்படிச் சமாளிக்கப் போறீங்க?" என்பதுதான். பாடத்தை எப்படி நடத்துவீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாம் ஆண்டுக் கற்பித்தல் பயிற்சியைத் திருப்பூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் முடித்த பிறகு, இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்பில் எழும் சத்தத்தில் பெரும்பகுதி, பாடம் பிடிபடாத பிள்ளைகளிடமிருந்தே வருகிறது.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கு பீரியட் தொடங்கியதும் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பான். திரும்பி வந்தால் பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைப் பிடுங்குவான். ஆசிரியர் வராத நேரத்தில் பேசுபவர்களின் பெயரை கிளாஸ் லீடர் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். அதில் இவன் பெயர்தான் முதலில் இருக்கும், பக்கத்தில் வரிசையாகப் பெருக்கல் குறிகளோடு. அவன் நோட்டைப் புரட்டியபோது விஷயம் தெரிந்தது. கால் என்பது அரையைவிடப் பெரியது என்று எழுதியிருந்தான். நான்கு இரண்டைவிடப் பெரிய எண்தானே, அவன் கணக்கில் அது நியாயம். இந்த இடத்தில் நிற்கும் பிள்ளைக்கு, பின்னங்களைக் கூட்டும் பாடம் முழுக்க வெறும் ஓசைதான். அவன் வேறு என்ன செய்வான்?

என் வழிகாட்டி ஆசிரியை அவனைத் திட்டவில்லை. அருகில் உட்கார்ந்து, "உங்க அம்மாவுக்கு இந்த வாரம் எத்தனை ஷிப்ட்டுப்பா?" என்று கேட்டார். பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகளில் இது தினசரிப் பேச்சு. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வந்தால் ஒன்றரை ஷிப்ட்.

"ஆறு நாளும் ஒன்றரை, டீச்சர்."

"அப்போ சனிக்கிழமை எத்தனை ஷிப்ட்டுக்குச் சம்பளம்?"

"ஒன்பது."

விரல் விட்டு எண்ணக்கூட இல்லை. அப்புறம் அரை ஷிப்ட், கால் ஷிப்ட், எதற்குக் காசு அதிகம் என்று கேட்டார். "அரைக்குத்தான்" என்றான் உடனே. அதே இடத்தில் இரண்டையும் எண்ணாக எழுத வைத்தார். அன்றோடு அவன் அமைதியான பிள்ளையாகிவிடவில்லை. பேச்சு குறையவில்லை, ஆனால் அந்தப் பேச்சில் கணக்கும் வரத் தொடங்கியது. எனக்கு அது போதும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் வகுப்பு கற்றுக்கொண்டிருக்கும் வகுப்பு என்று நான் நம்பவில்லை.

கல்லூரியில் உளவியல் பாடத்தில் ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் படித்தோம். வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டவர். பிள்ளைகள் குறும்பு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில், நன்றாக நடக்கும் வகுப்புக்கும் குழம்பிய வகுப்புக்கும் பெரிய வித்தியாசத்தை அவர் காணவில்லை. வித்தியாசம் அதற்கு முன்பே இருந்தது: பாடம் இடறாமல் நகர்கிறதா, வகுப்பின் எல்லா மூலையும் ஆசிரியரின் கவனத்தில் இருக்கிறதா என்பதில். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் உளவியலுக்கு 30 இருக்கிறது. இந்தப் பெயர்களை எல்லாம் அதற்காக மனப்பாடம் செய்கிறோம். பாடக்குறிப்பு எழுத உட்காரும்போது அவை நினைவுக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை.

ஸ்டார், சாக்லேட் கொடுத்து ஆர்வமூட்டுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரையப் பிடித்த சிறு பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள்தான் தாமாக வரைவதைக் குறைத்திருந்தார்கள். பாடத்தை வெறுக்கும் பிள்ளையை உள்ளே இழுக்க முதல் வாரம் ஒரு ஸ்டார் உதவலாம், சரி. ஏற்கெனவே ஆசையாகப் படிக்கும் பிள்ளைக்கு எதற்கு?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பசி. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலையில் சாப்பிட்ட பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. எட்டரைக்கு வேலைக்குப் போகும் அம்மாவால் எல்லா நாளும் சமைத்துவிட்டுப் போக முடியாது. முதல் பீரியடில் மேஜையில் தலை சாய்ப்பவனை நிற்க வைப்பதற்கு முன்னால், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். பிள்ளை எப்படியாவது படித்துவிட வேண்டுமே என்ற தவிப்பு அது, புரிகிறது. ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் குறைபடுகிறார்கள். ஒரே வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடுபடுபவரின் அலுப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. உண்மையில் கை ஓங்கிச் சண்டை போடும் பிள்ளையைத் தடுக்கத்தான் வேண்டும், கண்டிக்கத்தான் வேண்டும். இருந்தாலும் பிரம்பு அந்தப் பையனுக்கு அரையையும் காலையும் கற்றுக் கொடுத்திருக்காது. தாமதமாக வந்தவனை வாசலில் நிற்க வைப்பதும் அப்படித்தான். ஏற்கெனவே பத்து நிமிடப் பாடத்தை இழந்தவன் இன்னும் பத்து நிமிடம் இழக்கிறான்.

வேலை கிடைத்தால் முதல் வாரத்திலிருந்தே செய்ய ஒன்றை வைத்திருக்கிறேன். வழிகாட்டி ஆசிரியையிடம் பார்த்ததுதான். பிள்ளை ஏதாவது நன்றாகச் செய்த அன்று, கம்பெனியில் டீ பிரேக் விடும் நேரம் பார்த்து அம்மாவுக்கு போன் செய்வார். பள்ளியிலிருந்து என்றதும் மறுமுனையில் எடுத்த எடுப்பில் வரும் கேள்வி, "என்ன பண்ணிட்டான் டீச்சர்?" என்பதுதான். அவன் இன்று தானாகவே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினான் என்று இவர் சொல்வார். பிறகு ஏதாவது குறை சொல்ல அழைத்தாலும் அந்த அம்மாக்கள் போனை எடுத்தார்கள், நின்று பேசினார்கள்.