'உது' என்று சொன்ன மாணவி

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில், சனி ஞாயிறு காலைகளில் கல்லூரி மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். இந்த முறை 22 பேர். சேர்க்கைப் படிவத்தில் கல்லூரியில் என்ன படிக்கிறீர்கள், ஏன் இந்த மொழி என்று இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன்.

பையன்கள் 13 பேர். பெரும்பாலும் மெக்கானிக்கல், கணினி அறிவியல். காரணமாக அத்தனை பேரும் 'வேலை' என்றே எழுதியிருந்தார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் இருக்கும்போது அது சரியான காரணம்தான். பெண்கள் 9 பேரில் நான்கு பேர் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தார்கள். அதுதான் என்னை உறுத்தியது.

சேர்க்க வரும் பெற்றோர் மகனுக்காகக் கேட்பது, "சம்பளம் எவ்வளவு வரும் மேடம்?" மகளுக்காகக் கேட்பது, "இதைப் படித்தால் வெளிநாட்டுக்குத் தனியாக அனுப்ப வேண்டி வருமா?" ஜெர்மன் கற்பிக்கும் என் தோழியின் வகுப்பிலும் இந்தக் கோடு தெரிகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் முதுகலைக் கனவோடு வருபவர்கள் பொறியியல் பையன்கள். செவிலியர் வேலைக்காக பி2 என்னும் மேல் இடைநிலை வரை மூச்சுப் பிடித்துப் படிப்பவர்கள் பெண்கள். கொரிய மொழி படிக்கும் பெண்ணை 'நாடகப் பைத்தியம்' என்று சொல்லிவிடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிப்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வகுப்பில் ஒரே ஒரு மாணவி பி.ஏ. தமிழ் இலக்கியம். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் வருகிறாள். "ஜப்பானிய மொழி இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத்தானே" என்று கல்லூரியில் சொன்னார்களாம். முதல் இரண்டு வாரம் கடைசி வரிசையில், வாயே திறக்காமல் இருந்தாள்.

மூன்றாவது வாரம் சுட்டுப் பெயர்கள். கொரே, சொரே, அரே, தொரே என்று பலகையில் எழுதினேன். பேசுபவருக்கு அருகில் இருப்பது கொரே. தொலைவில் இருப்பது அரே. தொரே என்றால் எது. கேட்பவருக்கு அருகில் இருப்பதைச் சொல்லும் சொரேவில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். அவள் எழுந்தாள். "மேடம், அது 'உது' மாதிரி இல்லையா? தொல்காப்பியத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் 'உது' என்று பேசுகிறார்கள்."

பதினொரு ஆண்டுகளாக இதைக் கற்பிக்கிறேன். எனக்கு இது தோன்றியதே இல்லை.

பிறகு நாங்கள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். 'வதஷி வா கக்கோ எ இகிமாஸ்' என்ற வாக்கியத்தின் கீழே 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்று அவள் எழுதினாள். 'எ' நிற்கும் இடத்தில் நம் 'கு' உருபு. இரண்டிலும் வினைச்சொல் கடைசியில். கேள்வியாக்க ஜப்பானியர் இறுதியில் 'கா' சேர்க்கிறார்கள், நாம் 'ஆ' சேர்க்கிறோம். ஆங்கிலத்தின் வழியாகவே மொழிபெயர்த்துத் திணறிய மெக்கானிக்கல் பையன்கள் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.

டிசம்பர் மாதம் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், தொடக்க நிலையான என்5 எழுதப் போகிறாள். கட்டணத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். சென்ற சனிக்கிழமை படிவத்தைக் கேட்டு வாங்கி, வெறுமையாக விட்டிருந்த இடத்தில் எழுதிக் கொடுத்தாள்: "எனக்குப் பிடித்திருக்கிறது."