நான்கு நிறங்களில் பெரியப்பா

ஜூன் 4

பெரியப்பாவை உட்காரவைத்து அவர் உருவப்படத்தைத் தைல வண்ணத்தில் தொடங்கிவிட்டேன். வண்ணம் குழைக்கும் பலகையான பேலட்டில் நான்கே நிறங்கள்: வெள்ளை, மஞ்சள் காவி, காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரில் வழங்கும் சேர்க்கை இது. அவர் காலத்தில் சிவப்புக்கு வெர்மிலியன், வெள்ளைக்கு ஈய வெள்ளை. என்னிடம் இருப்பது டைட்டானியம் வெள்ளை. கிரேக்க ஓவியர் அப்பெல்லெஸ் முதலானோர் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கை மட்டுமே கொண்டு தீட்டியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ஆக, யோசனை பழையதுதான். ஸோர்னும் தேவைப்பட்டபோது நீலத்தைத் தொட்டவரே. அவரைவிடக் கறாராக இருப்பவர்கள் அவருடைய ரசிகர்கள்.

ஜூன் 5

டர்பென்டைனில் கரைத்த கறுப்பும் காவியும் மட்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம் எது, நிழல் எது என்று பிரித்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 7

தாடையில் இரண்டு நாள் முள்தாடி. கறுப்பில் வெள்ளையைக் குழைத்தால் பேலட்டில் வெறும் சாம்பல்தான். அதையே காவி கலந்த கன்னத்தின் ஓரத்தில் வைத்ததும் நீலமாகத் தெரிகிறது. ஐவரி கறுப்பு இயல்பிலேயே சற்றுக் குளிர்ந்த நிறம். அருகில் சூடான நிறம் இருந்தால் அந்தக் குளிர்ச்சி எடுப்பாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே கறுப்புடன் காவி சேர்த்தேன், மங்கிய பச்சை கிடைத்தது. பெரியப்பா எழுந்து வந்து, "நீலத்தை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய்?" என்று பேலட்டைத் துழாவினார்.

ஜூன் 8

சிவப்பு பொல்லாதது. ஊசிமுனை அளவு போதும். மூக்கு நுனி, காதுமடல், கீழ் இமை ஓரம் தவிர வேறெங்கும் அதைத் தனியாக விடவில்லை. டைட்டானியம் கூடினால் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறுகிறது. ஒளி விழும் இடங்களில் காவியைத் தாராளமாகக் கலந்தேன். நிழலில் வெள்ளையைச் சேர்க்கவே இல்லை, மெல்லிய பூச்சு மட்டும்.

ஜூன் 11

முகபாவத்துக்கான நாள். இடப்புருவத்தை பேலட் கத்தியால் தடிமனாக ஒரே இழுப்பில் வைத்தேன். அதன் மேட்டில் வெளிச்சம் பட்டு, அவருடைய அந்த அதட்டல் அப்படியே வந்துவிட்டது. உதட்டோரத்தைக் குழைத்து மழுப்பவில்லை. பின்மண்டையின் விளிம்பைப் பின்னணியில் கரையவிட்டேன். எல்லா விளிம்புகளையும் கூர்மையாக்கினால் முகம் வெட்டி ஒட்டியதாகிவிடும்.

"நான் இவ்வளவு கோபக்காரனா?" என்றார். பெரியம்மா என்னை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார்.

ஐவரி கறுப்பு மெதுவாகக் காயும், ஆகவே சில நாள் பொறுக்க வேண்டும். அடுத்தது சட்டை. நிஜத்தில் அது கருநீலம். கறுப்பை வைத்தே சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.