ஜோஷிமட் நரசிம்மர் சந்நிதியில்

பத்ரிநாத் போகும் நம்மூர் யாத்திரை வண்டிகள் உத்தராகண்ட் மலையில் இருக்கும் ஜோஷிமட்டில் பெரும்பாலும் ஒரு ராத்திரிதான் நிற்கும். இருட்டின பிறகு வந்து சேர்ந்து, விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் ஒன்றான திருப்பிரிதி என்று சேவிக்கப்படுவது இந்த ஊர்தான் என்று தெரிந்தவர்கள்கூட, நரசிம்மரைக் கால் மணி நேரத்தில் சேவித்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அதனால் இந்த முறை, பத்ரியைச் சேவித்துத் திரும்பும் வழியில் ஜோஷிமட்டில் நிதானமாகத் தங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம்.

ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு கூடலாகத் தாண்டிப் போக வேண்டும். தேவப்பிரயாகைதான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். அதற்கு மேலே வழி நெடுக அலக்நந்தா கூடவே வரும். பீபல்கோட்டி தாண்டியதும் பள்ளத்தாக்கு நெருங்கிக்கொண்டே வந்து, ஹேலங்குக்கு அப்புறம் சாலை மலைச்சரிவைப் பிடித்து ஏறத் தொடங்கும். மண் சரிந்து கிடக்கும் இடங்களில் ஜேசிபி வேலையை முடிக்கும் வரை வரிசையில் நிற்க வேண்டியதுதான். எங்கள் டெம்போ டிராவலரில் அந்த நேரம் விஷ்ணு சஹஸ்ரநாமத்துக்குச் சரியாக இருந்தது.

ஊர் சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே, பத்ரியிலிருந்து வரும் அலக்நந்தாவும் நீதி பள்ளத்தாக்கிலிருந்து வரும் தௌலிகங்காவும் விஷ்ணுப்பிரயாகையில் கூடுகின்றன. அந்த இடத்தின் உயரம் 1,372 மீட்டர். அதாவது ஆற்றங்கரைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே ஐந்நூறு மீட்டர் செங்குத்துச் சரிவு. அந்தச் சரிவில்தான் வீடுகள், ஆப்பிள் மரங்கள், ராணுவ முகாம், கோயில்கள் எல்லாம் அடுக்கடுக்காக நிற்கின்றன. எதிரே ஹாதி பர்வதம். யானை படுத்திருப்பதாக அந்த ஊர்க்காரர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள். பார்த்தால் படுத்த யானைதான். இங்கிருந்து ஒரு வழி பத்ரிக்கும் மாணாவுக்கும் போகிறது, இன்னொன்று நீதிக்கு. இரண்டுமே திபெத் எல்லைக் கணவாய்களில் போய் முடிகிற பழைய வணிகப் பாதைகள். உப்பும் கம்பளியும் இந்த வழியாகத்தான் இறங்கின. 1962 போருக்குப் பிறகு அந்த வியாபாரம் நின்றுபோய், சாலையும் ராணுவமும் வந்தன.

நரசிம்மர் கோயில் கடைத்தெருவுக்குக் கீழே, சரிவில் இறங்கிப் போகும் இடத்தில் இருக்கிறது. மூலவர் சாளக்கிராமத் திருமேனி. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். பத்மாசனத்தில் அமர்ந்த சாந்தமான திருக்கோலம். உக்கிர வடிவத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அந்த முகம் பெரிய ஆறுதலாக இருக்கும். அலங்காரம் ஆன பிறகு திருமுக மண்டலம் தவிர வேறு எதுவும் தெரியாது. மெலிந்துகொண்டே வருவதாகச் சொல்லும் இடது திருக்கையை அபிஷேக வேளையில் வந்தால்தான் சேவிக்க முடியும் என்று அர்ச்சகர் சொன்னதால் விடிகாலையில் போனோம். அக்டோபர் குளிரில் கருங்கல் தரை பாதத்தைக் கடித்தது. தண்ணீர் வழிந்து இறங்கும்போது அந்த இடது மணிக்கட்டைக் கண்டேன். மேற்கையும் உள்ளங்கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. நடுவில் மட்டும் மெலிந்து போயிருக்கிறது. கூட வந்த மாமி கைகூப்பியபடி, "பெருமாளே, பார்த்துக்கோயேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

இந்தக் கைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பழங்காலத்தில் கத்யூரி அரசர்கள் ஜோஷிமட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார்கள். கார்த்திகேயபுரம் என்று சாசனங்களில் வருவது இந்த ஊர்தான் என்பார்கள். ஒரு நாள் ராஜா வேட்டைக்குப் போயிருந்தபோது நரசிம்மரே மனித உருவில் அரண்மனைக்கு வந்து பசிக்கிறது என்றாராம். ராணி உணவிட்டாள். சாப்பிட்டவர் ராஜாவின் கட்டிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். திரும்பி வந்த ராஜா, யாரோ ஒருவன் தன் கட்டிலில் கிடப்பதைக் கண்டு கோபத்தில் வாளால் கையை வெட்டினான். ரத்தம் வரவில்லை, பால் வந்தது. நடுங்கிப் போய் அவன் காலில் விழ, பகவான் சொன்னார்: "இந்த ஊரை விட்டு நீ போக வேண்டும். இந்தக் காயம் என் விக்கிரகத்திலும் தெரியும். அந்தக் கை விழும் நாளில் உன் வம்சம் முடியும்." கத்யூரிகள் இங்கிருந்து குமாவூன் பக்கம் பைஜ்நாத் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தது சரித்திரம். ஏன் போனார்கள் என்பதற்கு நிலச்சரிவு, பகை என்று பல காரணம் சொல்கிறார்கள். ஊர் சொல்கிற காரணம் இதுதான்.

அதோடு முடியவில்லை. கை மெலிந்து மெலிந்து ஒரு நாள் முறிந்து விழும். அன்று விஷ்ணுப்பிரயாகைக்கு அப்பால் இருக்கும் ஜயன், விஜயன் என்ற இரண்டு மலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பத்ரிக்கு வழி அடைந்துவிடும் என்பது கர்வாலில் குழந்தைக்கும் தெரிந்த நம்பிக்கை. அப்புறம் பெருமாள் எங்கே சேவை சாதிப்பார்? அதற்கும் இடம் ஆயத்தமாக இருக்கிறது. நீதி சாலையில் தபோவனம் தாண்டி, காட்டு வழியாக ஏறினால் சுபாயி கிராமத்தில் பவிஷ்ய பத்ரி. வருங்கால பத்ரிநாதர். அங்கே ஒரு கல்லில் திருவுருவம் தானாகத் துலங்கி வருகிறது என்கிறார்கள். இங்கே ஒரு திருமேனி மெலிய, அங்கே ஒன்று துலங்குகிறது. பக்தனைக் கைவிடாமல் இருக்க அவன் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

சந்நிதியில் எங்கள் குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதிப் பதிகத்தைச் சேவித்தார். பெரிய திருமொழியின் இரண்டாம் பதிகம். 'பிரிதிசென் றடைநெஞ்சே' என்று பாட்டுக்குப் பாட்டு நெஞ்சை அழைத்துக்கொண்டே போகிறது. அர்ச்சகருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முடிகிற வரை தீபத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். பாட்டில் வரும் இமயம் யானையும் மயிலும் சுனையும் நிறைந்த இமயம். கடைசிப் பாட்டில், மலைமேல் படிந்த கருமேகங்கள் முழங்க, அதை யானை என்று எண்ணிப் பெரிய மலைப்பாம்பு நகர்கிறது. மலையே பெயர்ந்து நகர்வது போல இருக்கிறதாம். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. இந்த ஊரில் நின்று கேட்டபோது அந்த வரி எனக்கு வேறு மாதிரி இருந்தது. காரணம் பின்னால் சொல்கிறேன்.

திருப்பிரிதி இதுதானா என்ற கேள்வியும் உண்டு. திவ்யதேசப் பட்டியல்களில் பரமபுருஷன், பரிமளவல்லித் தாயார், புஜங்க சயனம் (பாம்பணையில் கிடந்த கோலம்), மானஸரஸ் தீர்த்தம் என்று இருக்கிறது. இங்கே வீற்றிருந்த நரசிம்மர். அதனால் உண்மையான பிரிதி மானசரோவர் பக்கம் எங்கோ இருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக நம் பெரியவர்கள் இந்தச் சந்நிதியில் நின்று அந்தப் பதிகத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

கோயிலை ஒட்டியே வாசுதேவர் சந்நிதி. கரிய கல்லில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெருமாள். அழகு அப்படி ஓர் அழகு. அவசரமாக வருகிறவர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறார்கள். நவதுர்கைகளும் இங்கே உண்டு.

ஆதிசங்கரர் நிறுவிய மடம் இருப்பது கடைத்தெருவுக்கு மேலே. சிருங்கேரி, துவாரகை, பூரி ஆகியவற்றோடு, நான்கு திசைக்கு ஒன்றாக அவர் நிறுவிய ஆம்னாய பீடங்களில் நான்காவது. முதல் பீடாதிபதி தோடகாசாரியார். சங்கரர் தவமிருந்ததாகச் சொல்லும் குகையும், அதை ஒட்டிக் கற்பவிருட்சம் என்று வணங்கப்படும் மிகப் பழைய மல்பெரி மரமும் இங்கே இருக்கின்றன. அடிமரம் பாறையைப் போல முறுக்கிக்கொண்டு கிடக்க, மேலே இலைகள் பச்சைப்பசேல் என்று இருக்கின்றன. இந்தப் பீடம் 1776 முதல் 165 ஆண்டுகள் ஆசாரியர் இல்லாமலே கிடந்திருக்கிறது. 1941-ல் பிரம்மானந்த சரஸ்வதி சுவாமிகள் பட்டமேற்ற பிறகுதான் மறுபடி விளக்கு எரிந்தது. மடத்தின் பெயரே ஊருக்கும் பெயராகி, பேச்சில் ஜோஷிமட் என்று திரிந்தது. 2024-ல் அரசு மறுபடி ஜோதிர்மட் என்றே மாற்றியிருக்கிறது. கடைப் பலகைகளில் இரண்டு பெயரும் கலந்து கிடக்கின்றன.

மடத்திலிருந்து இறங்கி வரும் வழியில்தான் அந்த விரிசல்களைப் பார்த்தோம்.

2023 ஜனவரியில் இந்த ஊர் மண்ணுக்குள் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். மலையே நகர்வது போல என்ற அந்தப் பாட்டு வரி எனக்கு வேறு மாதிரி இருந்தது இதனால்தான். 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். சிங்தார் பகுதியில் ஒரு சிறு கோயில் இடிந்தே விழுந்தது. மார்வாடிப் பகுதியில் பூமிக்குள்ளிருந்து சேற்று நீர் பீறிட்டது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு விடுதிகளை இடித்து எடுத்தார்கள். 2022 டிசம்பர் 27-க்கும் ஜனவரி 8-க்கும் இடையே, 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மடத்துச் சுவர்களிலும் விரிசல் கண்டது.

ஊர் நிற்பது பாறைமேல் இல்லை. எப்போதோ சரிந்து வந்து தங்கிய மண்ணும் உருண்டைக் கற்களும்தான் அடித்தளம். 1970-ல் அலக்நந்தாவில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசு அமைத்த மிஸ்ரா குழு, 1976-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டது. சரிவின் அடியில் இருக்கும் பெரிய கற்களைத் தோண்டவோ வெடி வைத்து எடுக்கவோ கூடாது, மரம் வெட்டக் கூடாது, கனமான கட்டடங்கள் கூடாது, மழைநீரும் கழிவுநீரும் மண்ணுக்குள் இறங்காமல் வடிகால் கட்ட வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தலைகீழ். மாடி மேல் மாடியாக விடுதிகள் எழுந்தன. கழிவுநீர் வீட்டுக்கு வீடு குழிக்குள் இறங்கியது. மின்திட்டத்துக்காக மலையைக் குடைந்தார்கள். 2009-ல் அந்தச் சுரங்க வேலையில் நிலத்தடி நீரோட்டமே உடைபட்டது. 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்காவில் பாறையும் பனியும் சரிந்து வந்த வெள்ளம் தபோவனம் வரை இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அது பாய்ந்ததும் இதே தௌலிகங்கா வழியாகத்தான். மாடி மேல் மாடியாக எழுந்த அந்த விடுதிகளில் தங்கியவர்கள் யார்? யாத்திரை வருகிற நாம்தான். இதையும் சந்நிதியில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிங்தார் பக்கம் ஒரு பாட்டியம்மாள் வீட்டுத் திண்ணையிலேயே டீ போட்டு விற்கிறார். அடுப்புக்குப் பின்னால் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல். சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பூச்சுக்கு இரண்டு விரல் தள்ளி, புதிதாக இன்னொரு கோடு மெல்லிசாக ஓடியது. அதன்மேல் பென்சிலால் தேதி எழுதி வைத்திருந்தார் அவர் மகன். கூட வந்த மாமி டெல்லியில் வெகுகாலம் இருந்தவர், இந்தி சரளம். "மாதாஜி, பயமாக இல்லையா?" என்று கேட்டார். நிவாரண முகாமுக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்ததாகப் பாட்டியம்மாள் சொன்னார். "மாட்டை யார் பார்ப்பது, பேட்டீ? நரசிம்ம பகவான் இங்கேதானே இருக்கிறார்." பிறகு டீ டம்ளரை நீட்டியபடி எங்களைத் திருப்பிக் கேட்டார்: "காலையில் அபிஷேகம் பார்த்தீர்களாமே. கை எப்படி இருக்கிறது?"

மாமி, "நன்றாக இருக்கிறது மாதாஜி" என்றார். பாட்டியம்மாள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த டம்ளரைக் கழுவப் போனார்.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரில் பத்ரி நடை சாத்தியதும் உத்தவரும் குபேரரும் பாண்டுகேஸ்வரத்துக்கு எழுந்தருள, சங்கரரின் ஆசனம் (இந்தியில் 'கத்தீ') ஊர்வலமாக வந்து இந்த நரசிம்மர் கோயிலில் தங்கும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ நடை திறக்கும்போது இங்கிருந்தே மேலே புறப்படும். ஆக, பத்ரிக்குப் போக முடியாத மாதங்களில் இங்கே வந்து சேவிக்கலாம். கூட்டம் இருக்காது, குளிர் மட்டும் கடுமையாக இருக்கும். ஊருக்கு 7 கிலோமீட்டர் முன்னால் அணிமட்டில் விருத்த பத்ரியும், பத்ரி சாலையில் பாண்டுகேஸ்வரத்தில் யோகத்யான பத்ரியும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். விடுதி எடுக்கும்போது நாலைந்து மாடிக் கட்டடத்தைத் தேடாமல், உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சின்ன வீடுகளில் தங்குங்கள். தண்ணீரை அளவாகச் செலவழியுங்கள். அங்கே கொட்டுகிற ஒவ்வொரு வாளியும் அந்த மண்ணுக்குள்தான் இறங்குகிறது. காலை அபிஷேக நேரத்தை முதல் நாளே கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய திருமொழி புத்தகம் ஒன்று கையில் இருக்கட்டும்.