ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் ஆட்குறைப்பை எதிர்த்து, ஊழியர்கள் சார்பில் சமரசப் பேச்சுவார்த்தைக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. பாதிப் பேருக்குத்தான் நியாயம் கிடைத்தது. மீதிப் பேருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன்கூட்டி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவராக ஒரு சின்ன அறைக்குள் அழைத்து, செல்பேசியை வெளியே வைக்கச் சொல்லி, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை நீட்டினார்கள். பெயரும் தேதியும்கூட நிரப்பியிருந்தது; கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. “நீங்களாகப் போனால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும். நாங்களாக அனுப்பினால் வேறு எங்கும் வேலை கிடைக்காது” என்று எல்லோரிடமும் ஒரே பேச்சு. பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த பெண் வெளியே வந்து, “அக்கா, போட்டுக் கொடுத்துவிட்டேன்” என்றாள். கடைசிவரை அவளுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது ராஜினாமா. மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற சுமை நம் தலையில் விழும். போட்டுவிட்டவர்கள் அன்றிரவே “வற்புறுத்தி வாங்கினீர்கள்” என்று மின்னஞ்சலாவது அனுப்பிவிடுங்கள்.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்ததில் சிக்கல் ஏதுமில்லை. வேலைநீக்கத்தை எதிர்த்து ஆளுக்கொரு 2ஏ மனு, சங்கத்தின் வழியாக எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுத் தாவா (வழக்கு).

நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டுமே என்று பலர் நம்பியிருந்தார்கள். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் அந்த விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான் இருந்தது. நாங்கள் பிடித்துக்கொண்டது வேறு இரண்டு பிரிவுகளை. ஆட்களைக் குறைக்கும் வகையில் வேலைமுறையை மாற்றுவதென்றால் 9ஏ பிரிவின்படி 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டியிருந்தது. 25எஃப் பிரிவின்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், அரசுக்குத் தகவல். எங்கள் நிறுவனம் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

முதல் விசாரணை முழு வீண். நிறுவனத்தின் சார்பில் வந்தவரிடம் அங்கீகாரக் கடிதமே இல்லை. வாய்தா வாங்கிக்கொண்டு போனார். சம்பளம் நின்றுபோன குடும்பங்களுக்கு வாய்தா என்பது இன்னொரு மாத வாடகை. அடுத்த முறை வழக்கறிஞரை அழைத்து வந்தார்கள். சமரசப் பேச்சுவார்த்தையில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்றது அதே சட்டத்தின் 36(3) பிரிவு. அதை எழுத்தில் ஆட்சேபித்தோம். அவர் வெளியே போனார்.

பிறகு, “இவர்கள் மேலாளர்கள், தொழிலாளர்களே அல்ல”, அதனால் இந்தச் சட்டப் பாதுகாப்பு எங்களுக்குக் கிடையாது என்று வாதாடினார்கள். பதவிப் பெயரை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. உண்மையில் என்ன வேலை செய்தோம் என்பதே கணக்கு. ஆனால் அதற்குக் காகிதம் வேண்டுமே? மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருவர் தம் பணி மதிப்பீட்டுப் படிவத்தை வீட்டில் அச்சிட்டு வைத்திருந்தார். “கீழ் பணிபுரிவோர் எண்ணிக்கை: 0” என்று நிறுவனமே அச்சடித்திருந்தது. சமரச அலுவலர் அந்த வரியை விரலால் தொட்டு எதிர்த்தரப்பைப் பார்த்தார். பதில் வரவில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, மதிப்பீட்டுப் படிவம் மூன்றையும் இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள்.

கடைசியில் 12(3) ஒப்பந்தம், அதாவது சமரச அலுவலர் முன்னிலையில் இரு தரப்பும் செய்துகொண்ட உடன்பாடு. கையெழுத்துப் போடாதவர்களில் சிலர் வேலைக்குத் திரும்பினார்கள்; மற்றவர்கள் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டார்கள்.

நான் சொன்ன பிரிவுகள் எல்லாம் பழைய சட்டத்தில் உள்ளவை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களும் காலக்கெடுவும் மாறியிருக்கின்றன. புதிய சட்டப்படி, சமரசம் முறிந்தால், அதுபற்றிச் சமரச அலுவலர் தரும் அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போய்விட வேண்டும். அறிக்கையை வாங்கிய அன்றே தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.