சவுக்கு நிற்கும் மூலை

டிசம்பர் 8
கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்கை இன்னும் வெட்டக்கூடாது. ஈர மணலில் நட்டாலும் சவுக்கு ஒரு வாரத்தில் வெளிறிவிடும். 20-க்கு முன்னால் அரிவாள் வைத்தால் 24 ராத்திரிக்குப் பச்சை மிஞ்சாது.

டிசம்பர் 13
மழை. அப்பாவுக்கு ராத்திரி முழுக்க இருமல்.

டிசம்பர் 14
நட்சத்திரத்துக்கு மூன்றடி மூங்கில் பட்டை பத்து சீவியாயிற்று. ஐந்து பட்டைக்கு ஒரு நட்சத்திரம், அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முனையோடு முனை கட்டி, உள்ளே பட்டைகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் ஒரு சாண் குச்சியை முட்டுக்கொடுத்தால் வயிறு புடைக்கும். பல்பு அங்கேதான். மைதா பசையில் துளி மயில்துத்தம் சேர்க்காவிட்டால் பூச்சி தாளைத் தின்றுவிடும்.

டிசம்பர் 15
குடில் புல்லுக்குக் கேழ்வரகு ஊறுகிறது. நாளை தட்டில் தூவ வேண்டும். தட்டுக்கு ஓட்டை அவசியம். தண்ணீர் தேங்கினால் முளை அழுகும்.

டிசம்பர் 17
கட்டிலை ஜன்னலோரம் மாற்றியாயிற்று. அப்படியானால் மரமும் மூலை மாற வேண்டும். தலையணையில் தலை வைத்துப் பார்த்தேன். மேசை பாதியை மறைக்கிறது. ஸ்டூல் மேல் வைத்தால் ஆடும். தரையில் சிமென்ட் கல் நாலு அடுக்கி, அதன்மேல் டின்.

கஞ்சி இரண்டு கரண்டி.

டிசம்பர் 20
தோப்புக்குள்ளே நிற்கும் சவுக்கு உதவாது. நெருக்கத்தில் வெயில் படாமல் கீழ்க்கிளை எல்லாம் காய்ந்து, கம்பாக நிற்கும். வரப்போரத்து மரத்துக்குத்தான் அடிவரை கிளை. "தூரைப் பார்க்காதே மக்கா, உச்சியைப் பாரு" என்பார் அப்பா. வளர்ந்த மரத்தின் உச்சியில் ஏழடி வெட்டினால் கூம்பு அமைந்துவிடும், தண்டும் மணிக்கட்டுப் பருமன்தான்.

ஊசி என்கிறோம், அது ஊசியில்லை, பச்சைக் குச்சி. இரண்டு கையால் இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாகப் பொடிப்பொடிப் பல். அந்தப் பல்தான் இலை. வளைத்தால் வளைய வேண்டும், படக்கென்று கணுவில் ஒடிந்தால் வெட்டி நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

வெட்டு வாயை இன்னொரு விரற்கடை அறுத்து, ராத்திரி வாளித் தண்ணீரில் நிறுத்தியாயிற்று.

டிசம்பர் 21
சாய்ந்துவிட்டது! உலர்ந்த மணலைக் கொட்டியதுதான் தப்பு. உலர் மணல் தண்டைப் பிடிக்காது, வழுகி விலகும். எல்லாவற்றையும் கொட்டி மறுபடி: 15 கிலோ எண்ணெய் டின், அடியில் செங்கல் ஜல்லி இரண்டு அங்குலம், தண்டைச் சுற்றி மூன்று அரைச் செங்கல் இறுக்கி, ஈர மணலை நாலு விரல் போட்டுக் குத்தி, மறுபடி போட்டுக் குத்தி. உச்சிக்குக் கீழே தூண்டில் நரம்பு கட்டி ஜன்னல் கம்பிக்கு இழுத்தாயிற்று. தினமும் ஒரு செம்புத் தண்ணீர்.

கட்டிலிலிருந்து இப்போது முழுசாகத் தெரிகிறது. கேட்டேன். தலையசைத்தார்.

டிசம்பர் 22, திருவருகைக் கால நாலாம் ஞாயிறு
சீரியல் செட்டைத் தரையிலேயே எரியவிட்டுப் பார்த்துவிட்டு, கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். அலங்காரம் பிறகு. சவுக்குக் கிளை நுனி கனம் தாங்காது. கண்ணாடி உருண்டை தண்டையொட்டி, காகிதப் பூ நுனியில். பஞ்சு வேண்டவே வேண்டாம். பல்புச் சூட்டில் பற்றிக்கொண்டால் ஈர மரமும் எரியும்.

டிசம்பர் 23
கேழ்வரகு மூன்று விரல். கஞ்சி வேண்டாம் என்கிறார்.

டிசம்பர் 24
டின்னைச் சுற்றிச் சருகு ஒரு கைப்பிடிகூட இல்லை. குழந்தை சொரூபம் இன்னும் பெட்டியில்தான், நடுச்சாமத்துக்குத்தான் குடிலுக்கு வரும். விளக்கை அணைக்க வேண்டாமாம். மணி பதினொன்று. தண்ணீர் ஊற்றிவிட்டு